கரிசல் சாலையில் ஒரு ஜப்பான் சுருதி

மதுரையிலிருந்து கன்னியாகுமரி போகும் நான்குவழிச் சாலையில் சாத்தூரைத் தாண்டினால், இரண்டு பக்கமும் கண்ணுக்கு எட்டிய வரை கறுப்பு மண். ஆங்காங்கே வேம்பு, உடைமரம், வேலிக்கருவைப் புதர். தூரத்தில் வரிசையாகக் காற்றாலைகள். கோவில்பட்டிக்குள் நுழைந்தால் கடலை மிட்டாய் கடைகள், தீப்பெட்டி ஆலைகள், நூற்பாலைகள். ஊரை விட்டு எட்டயபுரம் பக்கமோ கழுகுமலை பக்கமோ வண்டியைத் திருப்பினால் மறுபடியும் கரிசல் காடு.

இந்தச் சாலைகளில் ஒரு சத்தம் இன்னும் கேட்கிறது. வண்டி கண்ணில் படும் முன்பே காதில் விழுந்துவிடும். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே சொல்லிவிடுவார், 'ஆர்.எக்ஸ். வருது!'

யமஹா ஆர்.எக்ஸ். 100. உற்பத்தி நின்று போய் ஏறக்குறைய 30 வருடங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் இந்த வறண்ட பூமியில் அதை வைத்திருப்பவர்கள், இழைத்து இழைத்துச் சரிசெய்பவர்கள், விற்றுவிட்டு இன்னும் வருத்தப்படுபவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

கார் கனவு, பைக் நிஜம்

ஜப்பான் வேக வாகனங்கள் என்றால் உலகம் முழுக்கக் கார் பிரியர்கள் சொல்லும் பெயர்கள் சில உண்டு. நிசான் ஸ்கைலைன், டொயோட்டா சுப்ரா, மாஸ்டா ஆர்.எக்ஸ்.-7. அவற்றை வாங்கி, எஞ்சினை மாற்றி, சைலன்சரை மாற்றி, தங்கள் வண்டியின் கதையை ஆண்டுவாரியாகச் சொல்பவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டிலும் அந்த ஆசைக்கு ஒரு வாசல் திறந்தது. 1998-ல் திருவள்ளூரில் மிட்சுபிஷி லான்சர் கார் தயாரிப்பு தொடங்கியது. கோயம்புத்தூர், சென்னை பந்தயக்காரர்கள் அதை ராலிகளில் ஓட்டினார்கள்.

மானாவாரி விவசாயத்தை நம்பியிருக்கும் கரிசல் காட்டில் காருக்கு ஏது காசு? இங்கே ஜப்பான் வேகம் இரண்டு சக்கரத்தில்தான் வந்து சேர்ந்தது. அந்த இரண்டு சக்கரத்துக்கும் ஜப்பானின் பெருமைமிக்க கார் ஒன்றுக்கும் உறவு உண்டு. 1965-ல் டோக்கியோ மோட்டார் கண்காட்சியில் அறிமுகமாகி, 'ஜப்பானாலும் ஸ்போர்ட்ஸ் கார் செய்ய முடியும்' என்று உலகத்தைத் திரும்பிப் பார்க்கவைத்த டொயோட்டா 2000 ஜி.டி. காரை டொயோட்டாவோடு சேர்ந்து உருவாக்கியதும், தன் ஆலையில் தயாரித்துக் கொடுத்ததும் யமஹாதான். உள்ளே இருக்கும் மரவேலைப்பாடுகூட யமஹாவின் கைவண்ணம். பியானோ செய்து பழகிய கைகள் அல்லவா!

ஆம், யமஹா அடிப்படையில் இசைக்கருவி கம்பெனி. 1887-ல் ஹமாமட்சு நகரத்துப் பள்ளி ஒன்றில் பழுதான ஆர்கனைச் சரிசெய்து கொடுத்த டொரகுசு யமஹாவிலிருந்து அதன் கதை தொடங்குகிறது. ஆர்.எக்ஸ். பெட்ரோல் டேங்கில் இருக்கும் அந்த முத்திரையை உற்றுப் பார்த்தால் தெரியும். குறுக்காக வைத்த மூன்று சுருதிக் கவைகள். 1955-ல் யமஹா தன் முதல் மோட்டார் சைக்கிளை வெளியிட்டது. 125 சி.சி., டூ ஸ்ட்ரோக். சிவப்பாக, ஒல்லியாக இருந்ததால் ஜப்பானியர்கள் அதைச் செல்லமாக 'செந்தட்டான்' என்று பொருள்படும் பெயரில் அழைத்தார்கள். அதே வருடம் ஃபியூஜி மலையேற்றப் பந்தயத்தில் அது ஜெயித்தது.

1985-ல் வந்த விருந்தாளி

எண்பதுகளின் நடுவில் இந்திய ரோடுகளில் ஜப்பான் அலை அடித்தது. 1983-ல் மாருதி 800. 1984-ல் ஓசூரிலிருந்து இந்த்-சுசுகி. 1985-ல் ஹீரோ ஹோண்டா சி.டி. 100. அதே வருடம் நவம்பரில் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் வெளியிட்டதுதான் ஆர்.எக்ஸ். 100. முதலில் வந்த வண்டிகளுக்கான பாகங்கள் ஜப்பானிலிருந்தே வந்து இங்கே கோக்கப்பட்டன. இன்றைக்கும் ஒரு பழைய வண்டியைப் பிரிக்கும்போது 'ஜப்பான்' என்று பொறித்த பாகம் ஒன்று கையில் கிடைத்துவிட்டால், மெக்கானிக் பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டுவார்.

ஆர்.எக்ஸ். வந்த மறு வருடம், 1986 அக்டோபரில், திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தூத்துக்குடி மாவட்டம் உருவானது. அதனால் இந்தப் பகுதி வண்டிகளின் நம்பர் பிளேட்டே ஒரு வரலாறு. 72 என்றால் திருநெல்வேலி, 69 என்றால் தூத்துக்குடி. கோவில்பட்டிக்கென்று 96 வந்தது வெகுகாலத்துக்குப் பிறகு. நம்பரைப் பார்த்தே வண்டி எந்தப் பக்கத்தில் பிறந்தது என்று சொல்லிவிடுவார்கள்.

அப்படி என்ன இருந்தது அந்த வண்டியில்? சி.டி. 100-ம் ஆர்.எக்ஸும் எஞ்சின் அளவில் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் ஹோண்டா கொடுத்தது எட்டுக்கும் குறைவான குதிரைத்திறன். ஆர்.எக்ஸ். கொடுத்தது 11. வண்டியின் எடையோ சுமார் 100 கிலோதான். ஒருவர் மைலேஜ் பார்த்து ஹோண்டா வாங்கினார். இன்னொருவர் ஆக்ஸிலேட்டரைத் திருகிப் பார்த்துவிட்டு யமஹா வாங்கினார். முப்பது வருடம் கழித்தும் அந்த இரண்டு பேரும் டீக்கடையில் சமாதானமாகவில்லை.

நொடிக்கு 125 அடி

ஆர்.எக்ஸ். சத்தத்தின் ரகசியம் அதன் எஞ்சினில் இருக்கிறது. இன்றைய பைக்குகளில் பிஸ்டன் இரண்டு முறை ஏறி இறங்கினால்தான் ஒரு தடவை பெட்ரோல் வெடிக்கும். டூ ஸ்ட்ரோக்கில் ஒரு தடவை ஏறி இறங்கினாலே வெடிப்பு உண்டு. ஆர்.எக்ஸ். தன் முழுச் சக்தியைக் கொடுப்பது நிமிடத்துக்கு 7,500 சுற்றில். கணக்குப் போட்டுப் பாருங்கள், நொடிக்கு 125 வெடிப்பு! அதே வேகத்தில் சுற்றும் ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் அதில் பாதிதான். நொடிக்கு 125 அதிர்வு என்பது ஆர்மோனியத்தில் விரல் வைத்துக் காட்டக்கூடிய ஒரு சுரத்துக்கு மிக அருகில் இருக்கிறது. ஃபோர் ஸ்ட்ரோக் 'தட தட' என்று பேசினால், டூ ஸ்ட்ரோக் பாடுவதுபோல் தோன்றுவதற்குக் காரணம் இதுதான்.

பாட்டு இந்த மண்ணுக்குப் புதிது அல்ல. எட்டயபுரத்தில்தான் முத்துசுவாமி தீட்சிதரின் சமாதி இருக்கிறது. விளாத்திகுளம் சுவாமிகள் ராக ஆலாபனையால் பேர் வாங்கிய ஊர்ப்பக்கம் இது. நாகஸ்வரச் சக்கரவர்த்தி காருகுறிச்சி அருணாசலம் வாழ்ந்தது கோவில்பட்டியில். கோயில் கொடைக்கு நள்ளிரவு வரை நாகஸ்வரம் கேட்டு வளர்ந்த ஊர்க்காரர்கள், எஞ்சினில் சுருதி பிசகினாலும் கண்டுபிடித்துவிடுகிறார்கள். ஆர்.எக்ஸ். மெக்கானிக்குகளில் பலர் வண்டியை ஸ்டார்ட் செய்ததும் முதலில் செய்வது, கண்ணை மூடிக்கொண்டு கேட்பதுதான். செயின் தளர்ந்ததா, பிஸ்டன் தட்டுகிறதா, பிளக்கில் கரி ஏறியதா என்று சத்தமே சொல்லிவிடும்.

சைலன்சருக்குள் ஓர் உளவுக் கதை

ஆர்.எக்ஸ். கையில் கிடைத்த இளைஞர் முதலில் கை வைப்பது சைலன்சரில். உள்ளே இருக்கும் 'பேஃபிள்' குழாயை உருவிவிட்டால் சத்தம் ஊரைக் கூட்டும். சத்தம் கூடினால் சக்தியும் கூடும் என்பது பரவலான நம்பிக்கை. உண்மை வேறு.

ஃபோர் ஸ்ட்ரோக்கில் இருப்பது போன்ற வால்வு டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் கிடையாது. புகை வெளியே போகும் அதே நேரத்தில் புதிய பெட்ரோலும் உள்ளே வருகிறது. வந்ததில் கொஞ்சம் புகையோடு சேர்ந்து வெளியே ஓடிவிடப் பார்க்கும். சைலன்சர் குழாயைச் சரியான அளவில் அகலப்படுத்தி, பிறகு குறுக்கினால், வெடிப்பின் அழுத்த அலை முட்டித் திரும்பி வந்து, ஓடிப்போகும் பெட்ரோலை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளிவிடும். இந்த வித்தையைப் பந்தய வண்டிகளில் செம்மைப்படுத்தியவர் கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். கம்பெனிப் பொறியாளர் வால்ட்டர் காடன். அவருடைய அணியின் பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர், 1961-ல் ஸ்வீடன் பந்தயத்துக்குப் போனவர் அப்படியே மேற்கு நாடுகளுக்குத் தப்பிவிட்டார். போன கையோடு சுசுகியில் சேர்ந்தார். மறு வருடமே 50 சி.சி. உலகப் பட்டம் சுசுகிக்கு! அதற்குப் பிறகு ஜப்பான் டூ ஸ்ட்ரோக் வண்டிகள் உலகை ஆண்டன.

ஆகவே டூ ஸ்ட்ரோக்கில் சைலன்சரும் எஞ்சினின் ஓர் உறுப்பு. அதை இஷ்டத்துக்குக் குடைந்தால் காதுக்கு வேகம் கூடியதுபோல் இருக்கும், மேட்டில் ஏறும்போது இழுவை குறைந்திருக்கும். விவரம் தெரிந்தவர்கள் பேஃபிளை உருவ மாட்டார்கள். மாதக்கணக்கில் ஓடி எண்ணெய்க் கரி அடைத்திருந்தால் கழற்றி, தீயில் காட்டிச் சுத்தம் செய்து திரும்ப மாட்டுவார்கள்.

கரிசல் தூசியும் கால் மில்லிமீட்டரும்

அடுத்த ஆசை 'பிளாக் வேலை'. ஆர்.எக்ஸ். 135-ன் பெரிய சிலிண்டரைப் பொருத்துவது, ஐந்து கியர் பெட்டியை மாற்றுவது, போர்ட்டுகளைத் தேய்த்து அகலப்படுத்துவது, ஸ்பிராக்கெட் பல்லைக் கூட்டிக் குறைப்பது என்று பட்டியல் நீளும். மில்லும் ஆலையும் நிறைந்த ஊரில் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை. கையில் காசு இல்லாவிட்டாலும் கைவேலைக்கு ஆள் உண்டு.

ஆனால் எந்த மாற்றம் நிலைக்கும் என்பதைக் கடைசியில் மண்தான் முடிவு செய்கிறது. கரிசல் மண்ணுக்கு இரண்டு குணம். மழைக்காலத்தில் சந்தனம்போல் குழைந்து டயரில் அப்பிக்கொள்ளும். மட்கார்டுக்குள் இறுகிச் சக்கரத்தையே நிறுத்திவிடும். வண்டியை விட்டு இறங்கி, குச்சியால் நோண்டி எடுத்தால்தான் நகரும். கோடையில் வெடிப்பு விடும். கால் நுழையும் அளவுக்குப் பாளம் பாளமாகப் பிளக்கும். பிளந்த மண் பொடியாகி, மாவுபோல் காற்றில் பறக்கும்.

அந்தத் தூசிதான் ஆர்.எக்ஸுக்கு எமன். 'காற்று நன்றாக உள்ளே போகட்டும், சத்தமும் கெத்தாக இருக்கும்' என்று ஏர் ஃபில்ட்டரைக் கழற்றிவிட்டு ஓட்டுவது இளைஞர்களிடையே ஒரு பழக்கம். நகரத் தார்ச் சாலையில் அது சில மாதம் தாங்கலாம். விளாத்திகுளம் பக்கத்துக் காட்டு வழியில் ஓட்டினால், எஞ்சினுக்குள் போகும் தூசி எண்ணெயோடு சேர்ந்து அரைக்கும் பசையாகிவிடும். பிஸ்டனும் சிலிண்டரும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததுபோல் தேயும். புகை கக்கும். கிக்கர் அடித்தால் கால் லேசாக இறங்கும். பட்டறைக்குப் போனால் ஒரே வார்த்தை, 'போர் எடுக்கணும்.'

சிலிண்டரைக் கால் மில்லிமீட்டர் அகலமாகக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடுவதுதான் 'போர்'. ஆர்.எக்ஸ். சிலிண்டரின் விட்டம் 50 மில்லிமீட்டர். முதல் போர் 50.25. அடுத்தது 50.50. பிறகு 50.75. கடைசியில் 51. அதோடு சரி. அதற்கு மேல் உள் உறையையே மாற்ற வேண்டும். ஆக, ஒரு கம்பெனி பிளாக்குக்கு எண்ணி நான்கு மறுபிறவிதான்.

புதிதாக எவரும் பழைய ஆர்.எக்ஸ். வாங்க வந்தால், விவரமான அண்ணாச்சிமார் கேட்கும் முதல் கேள்வி, 'பிளாக் எத்தனாவது போர்ல இருக்கு?' பெயின்ட் பளபளப்பைப் பார்த்து ஏமாறாதவர்கள் அவர்கள். நீல நிறமோ, செர்ரிச் சிவப்போ, கறுப்போ, எந்தப் பட்டறையிலும் அடித்துவிடலாம். தேய்ந்துபோன இரும்பைத் திரும்ப வளர்க்க முடியாதே!

இரண்டு கட்சிகள்

இந்தப் பக்கத்து ஆர்.எக்ஸ். பிரியர்களில் இரண்டு கட்சிகள் உண்டு. 'கை வைக்காத வண்டி' கட்சி ஒன்று. கம்பெனியிலிருந்து எப்படி வந்ததோ, ஒரு நட்டுகூட மாறாமல் அப்படியே இருக்க வேண்டும் என்பார்கள். பெரும்பாலும் நடுவயதுக்காரர்கள். இதே வண்டியில் பால் கேனும் உளுந்து மூட்டையும் ஏற்றியவர்கள், கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனவர்கள், பிரசவ வலியில் துடித்த தங்கையை டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்தவர்கள். அவர்களுக்கு வண்டி என்பது குடும்பத்தில் ஓர் ஆள்.

இன்னொன்று 'ஏத்தி விட்ட வண்டி' கட்சி. பெரும்பாலும் பிள்ளைகள். அப்பாவின் வண்டி கைக்கு வந்ததும் அதைத் தன்னுடையதாக்கத் துடிப்பவர்கள். தப்பு என்று சொல்லிவிட முடியாது. அப்பாவும் அந்தக் காலத்தில் ஹேண்டில்பாரை மாற்றியவர்தான். சீட்டைத் தட்டையாக்கியவர்தான்.

இதே சண்டை மாட்டு வண்டிப் பந்தயத்திலும் உண்டு. கோவில்பட்டி, எட்டயபுரம், ஓட்டப்பிடாரம் பக்கத்துக் கிராமங்களில் திருவிழா என்றால் பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரித்துப் பந்தயம் நடக்கும். மாட்டின் பூர்வீகம், யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது, எந்த ஊரில் ஜெயித்தது என்று ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு கதை இருக்கும். 2014-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் பந்தயம் நின்றது, 2017-ல் தமிழக அரசின் சட்டத்திருத்தத்தால் மீண்டது, 2023-ல் அந்தத் திருத்தம் செல்லும் என்று உச்ச நீதிமன்றமே சொன்னது. அந்தப் பந்தயத்தில் வண்டிகளுக்குப் பின்னால் கூச்சலிட்டுக்கொண்டு பறக்கும் பைக்குகளின் கூட்டத்தில் ஆர்.எக்ஸ். இல்லாமல் இருக்காது.

சட்டம் சொல்வது

பைக் விஷயத்தில் சட்டம் தெளிவாக இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, கம்பெனி நிர்ணயித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே வருடம் வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அளவுக்கு மீறிச் சத்தமும் புகையும் வந்தால் அதற்குத் தனியாக 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. அதைப் பலர் கவனிப்பதில்லை. 15 வருடம் முடிந்த வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். ஆய்வுக்குக் கொண்டுபோக வேண்டும், பசுமை வரி கட்ட வேண்டும். எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் ஆர்.சி. புத்தகத்தோடு பொருந்த வேண்டும். எஞ்சினை வேறு வண்டியிலிருந்து எடுத்துப் போட்டவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

இன்னொரு சிக்கல், வண்டி தாத்தா பெயரிலேயே இருப்பது. அவர் காலமாகிப் பல வருடங்கள் ஆகியிருக்கும். வீட்டில் யாரும் பெயர் மாற்றியிருக்க மாட்டார்கள். புதுப்பிக்கப் போகும்போதுதான் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம் என்று அலைய நேரிடும். வெளியூருக்குக் கட்டிக்கொடுத்த அத்தைகள் எல்லாம் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். சட்டப்படி மூன்று மாதத்துக்குள் விண்ணப்பித்திருக்க வேண்டிய விஷயம் இது.

பேப்பர் செத்துப்போன வண்டியின் கதி பரிதாபமானது. சாலையில் ஓட்ட முடியாது. நகரத்திலிருந்து ஆள் வந்து, 'உதிரிப் பாகத்துக்கு எடுத்துக்கிறோம்' என்பார்கள். கார்புரேட்டர் ஓர் ஊருக்கு, பிளாக் ஓர் ஊருக்கு, டேங்க் ஓர் ஊருக்கு என்று பிரிந்து போகும். நல்ல ஆவணத்தோடு, கை வைக்காத நிலையில் இருக்கும் ஆர்.எக்ஸ். இன்றைக்கு ஒரு லட்ச ரூபாயைத் தாண்டி விலை போகிறது. அதே வண்டி ஆர்.சி. இல்லாவிட்டால் இரும்பு.

ஒரு சுற்றுப் போய் வரலாம்

இந்தப் பக்கம் வருவதாக இருந்தால் மார்கழி, தை மாதங்கள் நல்லது. வடகிழக்குப் பருவமழை பெய்து ஓய்ந்து, மக்காச்சோளமும் உளுந்தும் பாசியும் பச்சைப் பசேல் என்று நிற்கும். கறுப்பு மண்ணில் அந்தப் பச்சை தனி அழகு. கோவில்பட்டியிலிருந்து மேற்கே போனால் கழுகுமலை. மலையையே குடைந்து செதுக்கிய, பாண்டியர் காலத்து வெட்டுவான் கோவிலும் சமணச் சிற்பங்களும் காலை வெயிலில் பார்க்க வேண்டியவை. கிழக்கே எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீடு. தெற்கே நெடுஞ்சாலை ஓரமாக இடைசெவல். கி.ராஜநாராயணனும் கு.அழகிரிசாமியும் பிறந்த ஊர். இன்னும் தெற்கே, 1799-ல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட கயத்தாறு. திரும்பும்போது, 2020-ல் புவிசார் குறியீடு பெற்ற கடலை மிட்டாயை மறக்காதீர்கள்.

எந்த வழியில் போனாலும் ஊருக்கு ஒரு வேப்பமர நிழல் பட்டறை இருக்கும். அங்கே பிரித்துப் போட்ட ஓர் ஆர்.எக்ஸைச் சுற்றி நான்கு பேர் குந்தியிருப்பார்கள். நின்று கேட்டால் போதும். எந்த வருடத்து வண்டி, யார் வாங்கியது, எத்தனாவது போர், எந்தப் பாகம் மதுரையிலிருந்து வந்தது என்று ஒன்றுவிடாமல் சொல்லுவார்கள்.

ஆயுத பூஜை அன்று டிராக்டருக்கும் மண்வெட்டிக்கும் பக்கத்தில் ஆர்.எக்ஸும் கழுவித் துடைக்கப்பட்டு, சந்தனப் பொட்டோடு நிற்கும். அப்பா கிக்கரை ஒரே உதையில் உதைத்து ஸ்டார்ட் செய்து காட்டுவார். அடுத்த வருடம் அதே உதை மகனுடையதாக இருக்கலாம். அதற்கு ஏர் ஃபில்ட்டர் வண்டியிலேயே இருக்க வேண்டும், தாத்தா பெயரிலிருக்கும் ஆர்.சி. புத்தகம் இந்த வருடமே பெயர் மாற வேண்டும்.